பேர் தெரியாத பாட்டும் வள்ளியம்மாள் பேரனும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் பொழுது விடிந்ததே தப்புப் பறையின் சத்தத்தில்தான். தப்பு முழங்கியதும் அடுப்பில் இருந்ததைப் போட்டது போட்டபடி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்திப் போனால் வேலை இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. வேலைக்கு விரட்டிய அதே தப்புதான் மாசியில் காமன் கூத்துக்கு அடித்தது, சாவு வீட்டிலும் அடித்தது. நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த பெண்கள் கங்காணியின் கெடுபிடியைப் பாடினார்கள். கண்டிச் சீமைக்கு வரும் வழியில் மாண்டவர்களைப் பாடினார்கள். பாட்டுக் கட்டியவள் யாரென்று எவரும் கேட்டதில்லை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். சொற்கள் பிழைத்தன. மெட்டை அச்சில் ஏற்ற வழியில்லை.

பேரோடு பாடியவர்களும் இருந்தார்கள். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டியபோது, மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் படும் பாட்டைக் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. கூட்டத்தில் நின்றவர் கேட்டார், நூல் கைக்குக் கிடைத்தவர் படித்தார். அதற்கு அப்பால் அந்தக் குரல் போகவில்லை.

1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் தலைவிதி பத்தாண்டு இழுபட்டது. ஒரே லயக் குடியிருப்பில் அண்ணன் ஒரு கடவுச்சீட்டுக்கும் தம்பி இன்னொன்றுக்கும் உரியவனானான். அழுதபடி ரயில் கோச்சி ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒப்பாரியையும் கொண்டுபோனார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய வள்ளியம்மாளின் பேரன்தான் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு. 2018 ஜனவரியில் சென்னை மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானாவும் பறையும் ராக் கித்தாரும் ராப்பும் ஒன்றாக ஒலித்தன. அறிவு அதில் ஒருவர். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு அவர் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. பாட்டியின் வாழ்க்கையும் ஒப்பாரியும் ஹிப்ஹாப் தாளத்தில் ஏறி, யூடியூபில் மட்டும் 40 கோடித் தடவைக்கு மேல் ஓடியிருக்கின்றன. அதே மார்ச்சில்தான், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயென வர்த்தமானியில் வந்தது. பாட்டு போன வேகத்தில் கூலி போகவில்லை.

அறிவுக்குப் பேரும் லேசில் கிடைத்துவிடவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடிய ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2024இல் அவர் வெளியிட்ட தனி இசைத்தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. கூலிக்கணக்குப் புத்தகத்தைத் தாண்டி எங்கும் பேர் ஏறாத ஒரு தலைமுறைப் பெண்ணை உலகத்துக்கு முன்னால் பேர் சொல்லி நிறுத்தியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

நிரையில் இன்று கைபேசி பாடுகிறது. அன்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்; பாடியவளும் கேட்டவளும் ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தார்கள். அந்தக் கூட்டுக்குரலை எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் திரும்பச் செய்ய முடியாது. ஆனால் ஒப்பாரியை முழுதாகச் சொல்லத் தெரிந்த பாட்டிமார் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள், பேத்திகளின் கையில் கைபேசியும் இருக்கிறது. பதிவு செய்கிறவர்கள், பாட்டு தொடங்குமுன் பாட்டியின் பேரையும் தோட்டத்தின் பேரையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்கட்டும்.