சீன எழுத்தின் கீற்று வரிசை

சீன எழுத்தின் மிகச் சிறிய அலகு கீற்று. தூரிகையோ பேனாவோ தாளைத் தொட்டது முதல் எடுக்கப்படும் வரை விழும் தடம் முழுவதும், அது நடுவில் வளைந்தாலும் மடங்கினாலும், ஒரே கீற்றாகவே கொள்ளப்படும். ஆகவே 'வாய்' எனப் பொருள்படும் சதுர வடிவ எழுத்துக்குப் பக்கங்கள் நான்கு இருந்தும் கீற்றுகள் மூன்றே: இடப்பக்கக் கோடு முதலில் இறங்க, மேற்கோடும் வலப்பக்கக் கோடும் கையெடுக்காத ஒரே வீச்சில் மடங்கி வர, அடிக்கோடு இறுதியில் வந்து சதுரத்தை மூடுகிறது. இக்கீற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும் ஒழுங்கே கீற்று வரிசை. சீனர் அதைப் 'பீஷுன்' என்பர்.

அடிப்படைக் கீற்றுகள் சிலவே: கிடைக்கோடு, குத்துக்கோடு, இடச்சரிவு, வலச்சரிவு, புள்ளி, மேலேறும் கீற்று, கொக்கி, மடிப்பு. வரிசை விதிகளும் எளியவை. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதுவது பொது விதி. கூட்டல்குறி போன்ற 'பத்து' என்னும் எழுத்தில் குத்துக்கோட்டுக்கு முன் கிடைக்கோடும், 'மனிதன்' என்னும் எழுத்தில் வலச்சரிவுக்கு முன் இடச்சரிவும், 'சிறிய' என்னும் எழுத்தில் இருபுறப் புள்ளிகளுக்கு முன் நடுக்கீற்றும் வரும். நாற்புறமும் சூழப்பட்ட 'நாடு' போன்ற எழுத்துகளில் வெளிச்சுவரின் மூன்று பக்கங்களை எழுதி, உள்ளுறுப்புகளை நிரப்பி, அதன் பின்னரே அடிக்கோட்டால் மூட வேண்டும். ஆள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துவது போல என்று சீனப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது வழக்கம்.

வலக்கையில் தூரிகை பிடித்து, மேலிருந்து கீழாக வரிகளை எழுதிச் சென்ற தலைமுறைகளின் கையசைவில் இவ்வழக்கங்கள் படிந்து நிலைத்தன. இதன் பயன் முழுமையாகப் புலப்படுவது விரைந்து எழுதும் நடைகளில்தான். 'ஷிங்ஷூ' எனப்படும் ஓட்ட நடையிலும், அதனினும் விரைவான 'ட்சாவ்ஷூ' நடையிலும் தூரிகை தாளை விட்டு எழாமலே அடுத்த கீற்றுக்குச் செல்வதால், கீற்றுகளுக்கிடையே காற்றில் நிகழ வேண்டிய பயணமும் மையாகப் பதிந்துவிடுகிறது. வரிசை மாறினால் அவ்விணைப்புக் கோடுகளும் இடம் மாறி, எழுத்தே வேறொன்றாகத் தோன்றும். வரிசையை அறிந்தவருக்கோ சிதைந்தது போலத் தெரியும் வடிவமும் படிக்கத்தக்கதாகிறது. மக்கள் சீனத்தின் எளிமையாக்கப்பட்ட எழுத்துகள் சில இந்த விரைவு வடிவங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை: 'நூல்' என்னும் எழுத்து முன்பு பத்துக் கீற்றுகள் கொண்டிருந்தது, இன்று அதற்கு நான்கு போதும்.

வரிசையின் பயன் கையோடு நின்றுவிடுவதில்லை. அகரவரிசை இல்லாத இம்மொழியில் பெயர்ப்பட்டியல்கள் பலவும் குடும்பப் பெயரின் கீற்று எண்ணிக்கைப்படி அமைகின்றன. எண்ணிக்கை ஒத்திருந்தால் முதற்கீற்று கிடையா, குத்தா, இடச்சரிவா, புள்ளியா, மடிப்பா என்பது முன்பின்னை முடிவு செய்யும். கைபேசியில் ஐந்து விசைகளைக் கொண்டே எழுத்துகளை உள்ளிடும் முறையும் இவ்வைந்து வகைகளின்மேல் அமைந்ததுதான்.

பயிற்சிக்கெனச் சிறப்புத் தாள்கள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் நான்காகப் பிரிக்கப்பட்ட 'தியென்ஸிக' தாளில், எந்தக் கீற்று மையக் கோட்டுக்கு எவ்வளவு நெருங்குகிறது என்பதைக் குழந்தை பார்த்துக்கொள்ளலாம். சிவப்பில் அச்சிட்ட எழுத்தின்மேல் எழுதிப் பழகுவது மற்றொரு முறை. கீற்றின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே வகுப்பு முழுவதும் விரலால் காற்றில் எழுதும் பயிற்சியே இவற்றுள் மிகச் சிறந்தது எனலாம். விழிக்குத் தெரியும் வடிவம் அங்கு இல்லாததால் நினைவில் தங்குவது அசைவு ஒன்றே.

ஆயினும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரே வரிசை இல்லை. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958-இலும், தைவானின் கல்வி அமைச்சகம் 1996-இலும், மக்கள் சீனம் 1997-இலும் தத்தம் வரிசை நூல்களை வெளியிட்டன. 'அரசன்' என்னும் எழுத்தில் சீனர் இரு கிடைக்கோடுகளை இட்ட பின் குத்துக்கோட்டை இறக்குவர். ஜப்பானியர் முதற் கிடைக்கோட்டை அடுத்தே அதை இறக்கிவிடுவர். 'இடம்', 'வலம்' என்னும் இரண்டு எழுத்துகளையும் சீனர் கிடைக்கோட்டில் தொடங்க, ஜப்பானியர் 'வலம்' என்பதை மட்டும் சரிவுக் கீற்றில் தொடங்குகின்றனர். இவற்றுள் எதையும் பிழை என்பதற்கில்லை. ஆனால் புதிதாகக் கற்பவர் தாம் கற்கும் மொழியின் வரிசையையே தொடக்கம் முதல் பின்பற்றுவது நல்லது, ஏனெனில் ஒருமுறை கையில் ஏறிய அசைவை மாற்றுவது புதிய எழுத்தைக் கற்பதைக் காட்டிலும் கடினம்.