முக்காலி செய்யத் தெரியும், விற்பது எங்கே?



பிரட்டுக்குப் போய், பேர் முடிந்து வந்த பிறகும் சிலருக்குக் கை சும்மா இருக்காது. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒரு முக்காலி, ஒரு சின்ன அலுமாரி, பிள்ளைகளுக்குப் படிக்கிற மேசை என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். பார்ப்பவர்கள், "அண்ணே, இத கொழும்புல கொண்டுபோய் வித்தா நல்ல காசு வருமே" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைத்து, லொறி பிடித்து, பத்துச் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை ஒருமுறை படியுங்கள். வீட்டில் அக்காமார் கேட்கிற கேள்விதான் சரியான கேள்வி: "எல்லாத்தையும் கொண்டுபோய் விக்காட்டி என்ன செய்வீங்க?"

முதலில் கணக்கு

விற்க இடம் தேடும் முன் உங்கள் சாமானின் விலை உங்களுக்கே தெரிய வேண்டும். உதாரணத்துக்கு ஒரு முக்காலியை எடுத்துக்கொள்வோம். மரத்துக்கு 800 ரூபாய். திருகாணி, பசை, சாண்ட் பேப்பர், வார்னிஷ் 500 ரூபாய். பஸ்ஸில் கொண்டுபோகும் செலவு 400 ரூபாய். ஆக 1,700. இதோடு நிறுத்திவிட்டு 2,500 ரூபாய்க்குக் கொடுத்தால் 800 ரூபாய் இலாபம் என்று சந்தோஷப்படுகிறோம். உங்கள் வேலை எங்கே போனது? அந்த முக்காலிக்கு ஒன்றரை நாள் போயிருக்கிறது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்குப்படி ஒன்றரை நாளுக்கு 2,025 ரூபாய். அதையும் சேர்த்தால் முக்காலியின் அசல் 3,725 ரூபாய். 2,500க்கு விற்றவருக்கு ஒன்றரை நாள் வேலைக்கு அரைப்பேருக்குச் சற்றுக் கூடத்தான் கிடைத்தது. இன்று உங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு என்ன சம்பளமோ அதை வைத்து இப்படியே போட்டுப் பாருங்கள்.

எதைச் செய்வது?

கட்டில், பெரிய அலுமாரி ஆகியவற்றில் மொறட்டுவையோடு போட்டி போட முடியாது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தச்சுத் தொழில், மெஷின் எல்லாம் உண்டு. பெரிய சாமானுக்கு லொறிக் கூலியும் நம்மைத் தின்றுவிடும். மலையிலிருந்து இறங்குகிற சாமான், ஒரு ஆள் தூக்கி பஸ்ஸில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மடக்குகிற முக்காலி, கழற்றிப் பூட்டுகிற புத்தகத் தட்டு, சாமித் தட்டு, மணை, தேங்காய்த் திருவலைப் பலகை போன்றவை நல்லவை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடி வீடுகளில் இடம் குறைவு. மடக்கி வைக்கிற சாமானுக்கு அங்கே மதிப்பு உண்டு.

இன்னொன்று நம் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போடும் பழைய தேயிலைச் செடியின் தூரும் வேரும் நமக்கு விறகு. இந்தியாவில் தேயிலை விளைகிற பகுதிகளில் அதையே சுத்தம் செய்து, மேலே கண்ணாடியோ பலகையோ வைத்து மேசையாக்கி விற்கிறார்கள். ஆனால் தோட்டத்து மரமும் தூரும் தோட்டத்துக்குச் சொந்தம். தொரையிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டே எடுங்கள். பலா, ஈரப்பலா மரங்களை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பலகை வாங்கினால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

ஈர மரத்தில் செய்யாதீர்கள். மலைக் குளிரில் நன்றாக இருக்கும் மேசை, கொழும்புச் சூட்டிலும் ஏசி அறையிலும் வெடித்துவிடும். ஒரு அங்குலத் தடிப்புள்ள பலகை நிழலில் காய ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. வெடித்த ஒரு சாமான் திரும்பி வந்தால் அடுத்த பத்துக்கும் வழி அடைபடும்.

கொள்ளுப்பிட்டிக்குப் போகும்போது

கொள்ளுப்பிட்டி காலி வீதியில் கைவேலைப் பொருளுக்குப் பேர்போன கடைகள் உண்டு. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பெயார்ஃபூட்' அங்கேதான் இருக்கிறது. கிராமத்துப் பெண்கள் கையால் நெய்த துணிகள்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. எனவே எந்தக் கடைக்கும் போகும் முன், அது பிறர் செய்த மரச்சாமானை வாங்குகிற கடைதானா என்று பாருங்கள். அரசாங்கத்தின் லக்சலவும் கைவினைஞர்களின் பொருளை விற்கிறது.

முதல் பயணத்தில் சுமை வேண்டாம். ஒரே ஒரு மாதிரி, மற்றவற்றின் படங்கள், அளவு நாடா, ஒரு கொப்பி போதும். கொழும்பில் வேலை செய்யும் தம்பியோ மருமகனோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் நேரம் கொடுக்கும் நாளை முன்கூட்டியே போனில் கேளுங்கள்.

நீங்கள் 4,000க்குக் கொடுத்ததைக் கடையில் 7,000க்கு வைத்திருந்தால் கோபப்படாதீர்கள். காலி வீதி வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் கிடக்கும் நாள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 3,725 அசலென்றால் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

"வச்சிட்டுப் போங்க, வித்தா காசு தாறோம்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். எத்தனை சாமான், ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு என்ன விலை, எந்தத் தேதியில் காசு, விற்காவிட்டால் திருப்பிக் கொண்டுவரும் கூலி யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு: இந்த ஐந்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் தடவை இரண்டு சாமானுக்கு மேல் வைக்காதீர்கள். அந்தக் காசு கைக்கு வந்த பிறகு மற்றது.

வேறு வழிகள்

1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். 'சில்ப அபிமானி' கண்காட்சிகளை நடத்தியதும் அந்தப் பேரவைதான். கொழும்பில் 2012இல் தொடங்கிய 'குட் மார்க்கட்'டில் இடம் பெற, விண்ணப்பித்து அவர்கள் ஏற்க வேண்டும். வியாபாரப் பெயர் பதிய உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கத்து வாசலை மறக்காதீர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், கோயில், டவுன் கடை, கல்யாண வீடு எல்லாமே வாங்குகிற இடங்கள்தான். இங்கே ஐந்து முக்காலி விற்று, வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்தும் குறை சொல்லாவிட்டால், அதுவே கொள்ளுப்பிட்டிக்கு நீங்கள் கொண்டுபோகும் நல்ல சாட்சி.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசியாகச் செய்த சாமானுக்கு என்ன செலவு, எத்தனை மணி நேரம் என்று பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதுங்கள். கணக்கை வீட்டில் இருவரும் சேர்ந்து பாருங்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.