ஆளில்லாப் படகு: டொனால்ட் குரோஹர்ஸ்ட் எங்கே போனார்?
1969 ஜூலை 10 அன்று அட்லாண்டிக் நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்த டெய்ன்மவுத் எலக்ட்ரான் என்ற மூன்று உடற்பகுதிகள் கொண்ட பாய்மரப் படகை, பிகார்டி என்ற அஞ்சல் கப்பல் கண்டது. உள்ளே யாரும் இல்லை. பயணக் குறிப்பேடுகள் இருந்தன.

அந்தக் குறிப்பேடுகளே உண்மையைச் சொல்லின. சண்டே டைம்ஸ் நடத்திய, தனியாளாக உலகைச் சுற்றும் போட்டிக்காக 1968 அக்டோபர் 31-ல் புறப்பட்ட பிரிட்டன்காரர் டொனால்ட் குரோஹர்ஸ்ட், அட்லாண்டிக்கை விட்டு வெளியேறவே இல்லை. படகு தென்கடலைத் தாங்காது. திரும்பினாலோ கடனில் மூழ்க வேண்டும். ஆகவே வானொலியில் பொய்யான இடங்களை அறிவித்தார். போட்டியில் முன்னால் சென்ற நைஜல் டெட்லியின் படகு மே மாதம் மூழ்கியது. மிக வேகமாகச் சுற்றி வருபவருக்கான பரிசு குரோஹர்ஸ்டை நெருங்கியது. கூடவே அவருடைய குறிப்பேடுகள் கூர்ந்து ஆராயப்படும் என்ற அச்சமும்.

இறுதி வாரத்தில் காலம், கடவுள் என்று ஆயிரக்கணக்கான சொற்களை எழுதிக் குவித்தார். ஜூலை 1-ல் எழுத்து நின்றது.

தவறி விழுந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. தனிமாலுமிகளுக்கு அது எப்போதும் நேரக்கூடிய ஆபத்துதான். ஆனால் அவர் வைத்திருந்த துல்லியக் கடிகாரமும் படகில் இல்லை. விபத்தில் விழுபவர் அதைக் கையோடு கொண்டுபோவது அரிது. கலங்கிய மனத்தின் அந்தக் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவராகவே கடலில் இறங்கினார் என்பதே வலுவான ஊகம். உடல் கிடைக்கவில்லை.

போட்டியை முடித்த ஒரே மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தம் 5,000 பவுண்டு பரிசைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கு வழங்கினார்.