வளவில் ஒரு காட்டுப்பூப் பாத்தி

விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்து வளவைக் கூட்டுவது எமது வீடுகளின் நல்ல பழக்கம். ஆனால் ஒரு பூண்டும் விடாமல் செதுக்கிய வளவில் தேனீக்கு உணவு இல்லை. இதன் விளைவைப் பூசணிக் கொடியிலே காணலாம். பெண்பூவின் அடியிலுள்ள பிஞ்சு சில நாட்களில் மஞ்சளித்து, வெம்பி விழுந்துவிடும். விழுந்த பிஞ்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லையென்றால், பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடைபெறவில்லை என்றே கொள்ளலாம். பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். பூசணி பூக்காத மாதங்களிலும் உணவு கிடைத்தால்தான் தேனீ அயலில் தங்கும். ஆகவே வேலியோரமாக ஒரு காட்டுப்பூப் பாத்தியை உண்டாக்கும்படி கேட்கிறோம்.

வெளிநாடுகளில் இப்படியான பாத்திக்குப் பொப்பி விதையைத் தூவுவார்கள். அங்குள்ள உறவினர் விதைப் பக்கற்றை எமக்கும் அனுப்பிவைப்பதுண்டு. சிவந்த பொப்பி ஐரோப்பியக் கோதுமை வயல்களின் களை. கிளறிய மண்ணில் வெளிச்சம் பட்டால்தான் அதன் விதை நன்கு முளைக்கும். அதுவரை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். 1914-1918 போரில் குண்டுகள் கிளறிய பெல்ஜிய நிலங்களில் அது செக்கச்செவேலெனப் பூத்தது இதனாலேயே. ஆனால் அது குளிருக்குரிய செடி. நுவரெலியாவில் வளரக்கூடும், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வெயில் கருக்கிவிடும். அபின் தரும் கசகசாச் செடியும் பொப்பியினமே. அதை அனுமதியின்றி வளர்ப்பது எமது நாட்டில் குற்றம். வெளிநாட்டு விதைகளை அனுமதியின்றிக் கொண்டுவருவதும் கூடாது. பக்கற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பொப்பியின் உறவு ஒன்று எமது தரிசு நிலங்களிலேயே உண்டு. முள் நிறைந்த இலையும் மஞ்சள் பூவும் மஞ்சள் பாலும் கொண்ட பிரமதண்டுதான் அது. பூ அழகு, விதை நஞ்சு. கடுகு போலிருக்கும் அதன் விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998இல் டில்லியில் பலர் உடல் வீங்கி இறந்தனர். பிள்ளைகள் விளையாடும் வளவில் அதை விடவேண்டாம்.

அப்படியானால் எதை வளர்ப்பது? முதலிடம் தும்பைக்கு. மழை கண்டதும் முளைத்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். தேனீக்கள் அதைவிட்டு அகலா. துளசியும் அப்படியே. வேலிப்பக்கம் இரண்டு மூன்று ஆவாரை நின்றால் பெரிய கருவண்டுத் தேனீக்கள் வரும். நிலத்தோடு படரும் விஷ்ணுகிராந்தி நீலநிறம் தரும். பட்டிப்பூ வண்ணத்துப்பூச்சிக்கு.

பத்தடிக்கு ஆறடி போதும். நல்ல வெயில் படவேண்டும். கோரையையும் அறுகையும் கிழங்கோடும் வேரோடும் எடுத்துவிடுங்கள். இதில்தான் பொறுமை தேவை. பசளை எதுவும் போடாதீர்கள். கொழுத்த மண்ணில் புல் ஓங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். மெலிந்த மண்ணே இவற்றுக்கு ஏற்றது. ஐப்பசி மழையோடு, சிறு விதைகளைக் காய்ந்த மணலுடன் கலந்து தூவி, ஒரு பலகையால் மெதுவாக அழுத்துங்கள். மண்ணால் மூடவேண்டாம். ஆவாரை விதையின் தோல் தடித்தது. சுடுநீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.

பார்த்தீனியம் தலைகாட்டினால் பூக்குமுன் கையுறை அணிந்து பிடுங்குங்கள். மரக்கறிக்குப் பீடைநாசினி தெளிக்க நேர்ந்தால், பூசணிப்பூ மூடிய பின் மாலையில் தெளியுங்கள்.

பாம்பு வரும் என்ற பயம் நியாயமானதே. பாத்தியை வாசலுக்கும் கிணற்றடிக்கும் விலக்கி அமைத்து, சுற்றிவர இரண்டடி நிலத்தைச் செதுக்கி வைத்திருங்கள். அந்த வெறுநிலமும் வீணல்ல. மண்ணில் துளையிட்டுக் குடியிருக்கும் சிறு தேனீக்களுக்கு அது வீடு. செடிகள் காய்ந்தவுடன் வெட்டிவிடாமல் விதை உதிரும்வரை விட்டு, ஒரு பிடியைப் போத்தலில் எடுத்துவையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு உதவும்.