இளைப்புக்கு ‘குட்டி மாத்திரை’: தூங்கும் டி.பி.யைத் தட்டி எழுப்பும்!

சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்குவோர் உஷார்

கும்மிடிப்பூண்டி,-

சிப்காட் இரும்பு ஆலைகளில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இளைப்பு வந்தால், ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மனசு வருமா? “அண்ணே, வீசிங்குக்கு நாலு மாத்திரை குடுங்க” என்று மருந்துக் கடையில் கேட்பதோடு பலர் வைத்தியத்தை முடித்துக் கொள்கிறார்கள்.

கையில் வருவது பெரும்பாலும் பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம்.

பலன் என்னவோ அதிரடிதான். சில மணி நேரத்தில் நெஞ்சு லேசாகும். பசி எடுக்கும். முகம் பூசினாற்போல் ஆகும். அங்கேதான் வம்பு!

காவலுக்கு ஆள் இல்லை

தூசு, புகை பட்டதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிச் சீறுவதால் மூச்சுக்குழாய் வீங்குகிறது. அதுவே ஆஸ்துமா. ஸ்டீராய்டு அந்தச் சக்தியை அடக்குகிறது. கடும் இளைப்பில் டாக்டர் சில நாள் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. மாதக்கணக்கில் விழுங்கினால் காவல்காரனைக் கட்டிப் போட்ட கதை.

திருடன் ஏற்கனவே உள்ளே இருக்கலாம். 15 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 100க்கு சுமார் 31 பேர் உடம்பில் டி.பி. கிருமி புகுந்திருப்பதாக 2019-21 தேசிய சர்வே சொல்கிறது. பெரும்பாலோரிடம் அது தூங்குகிறது. தினம் 15 மில்லிகிராம் பிரட்னிசோலோன், ஒரு மாதத்துக்கு மேல் போனால் அது விழித்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது.

‘ஊசி போட்டாச்சே’ என்று இருக்க முடியாது. 1968-ல் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கி, 2½ லட்சம் பேருக்கு மேல் சேர்த்து நடந்த பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே தெரிந்தது.

இன்னொரு மோசம்: டி.பி. இருமலை இளைப்பு என்று நினைத்து மேலும் மாத்திரை போடுவார்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். நோய் உள்ளே பரவும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

திடீரென்று நிறுத்தாதீர்!

பல வாரம் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும்; மயங்கி விழ நேரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இன்ஹேலர் வைத்தால் ‘பழகிவிடும்’ என்பது வீண் பயம். 40 மில்லிகிராம் மாத்திரை என்பது 40,000 மைக்ரோகிராம். உறிஞ்சும் ஸ்டீராய்டு ஒரு தடவைக்குச் சில நூறு மைக்ரோகிராம்தான்; அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்கே போகிறது. உறிஞ்சியதும் வாய் கொப்பளித்தால் போதும்.

2 வாரத்துக்கு மேல் இருமலா? அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரைக் கடைக்கு முன் அங்கே போங்கள்.