பத்து வயது நாயகனும் அவன் பரிவாரமும்

போரிட்டு எதிர்த்த சூரபத்மனே மயிலும் சேவலுமாகி முருகனுக்கு வாகனமும் கொடியுமானான் என்ற புராண விருத்தாந்தத்தை, அந்த யுத்தத்தின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த தலமென்று ஐதீகம் கூறும் திருத்தணிகையின் 365 படிகளை ஏறும் இக்காலச் சிறுவனுக்கு எடுத்துரைத்தால், அவன் சிறிதும் ஆச்சரியப்படமாட்டான். பொருது தோற்ற விசித்திரப் பிராணி பிறகு உற்ற துணையாவதை, 'போகிமான்' என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரில் அவன் பன்முறை கண்டிருப்பான்.

1997-இல் தொடங்கிய அத்தொடரின் நாயகன் ஆஷ், கால் நூற்றாண்டாகியும் பத்து வயதைத் தாண்டவில்லை. மிஸ்டி, ப்ராக் முதலிய சகபயணிகள் காலக்கிரமத்தில் விடைபெற்றுப் புதியவர்கள் வந்து சேர, முதல் நாளில் அவனுக்கு அடங்க மறுத்த பிகாச்சு என்னும் பிராணி மாத்திரம் கடைசிவரை பிரியவேயில்லை. முருகனை அறிந்த நமக்கு நித்திய பாலன் புதியவனல்லன். ஆயினும், பார்க்கும் குழந்தைகள் வளர்ந்து அகன்றுவிட, அடுத்து வரும் குழந்தைகளுக்கும் ஆஷ் சமவயதினனாகவே இருப்பதில் வியாபார சாமர்த்தியம் மிகுதி என்பது என் அபிப்பிராயம். 2022-இல் உலக சாம்பியனான பிறகே, அடுத்த ஆண்டு லிகோ, ராய் என்போருக்கு அவன் இடம் விட்டான்.

1999-இல் தோன்றிய 'டிஜிமான்' தொடரின் மார்க்கம் வேறு. அங்கே எட்டுச் சிறுவர்கள், ஆளுக்கொரு பிராணி, தைரியம், நட்பு, அன்பு என ஆளுக்கொரு குணம். பெற்றோரின் மணமுறிவால் வெவ்வேறு வீட்டில் வளரும் யாமடோ, தகேரு என்ற சகோதரர்களின் துக்கத்தைக்கூட அக்கதை மறைக்கவில்லை. மறு ஆண்டின் தொடர்ச்சியில் அவர்கள் வயதேறி, மூத்தோர் பலர் பின்னே ஒதுங்கிப் புதிய சிறுவர்களுக்கு வழிவிட்டனர்.