பழைய காருக்குப் புதிய அணிவளையம்

மோட்டார் வண்டியின் சக்கரத்தில், டயருக்கும் நடுவேயுள்ள வட்ட மூடிக்கும் இடையில், வெள்ளிபோல் ஒளிரும் வளையம் ஒன்றைச் சில வண்டிகளில் கண்டிருப்பீர்கள். அதனை அணிவளையம் என்று அழைக்கலாம். வண்டி ஓடுவதற்கு அது இன்றியமையாததன்று, அழகுக்காகவே அணிவிக்கப்படுவது. ஆயினும் பொருத்தம் தவறினால், அந்த அழகுப் பொருளே டயரின் காற்றைப் போக்கி வண்டியை வழியில் நிறுத்திவிடக்கூடும். ஆகவே, பழைய வண்டிக்குப் புதிய வளையத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

வண்டின் வடிவம் கொண்டதால் ‘பீட்டில்’ எனப் பெயர்பெற்ற வோல்க்ஸ்வாகன் காரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலுள்ள வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில், போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் இறுதியில், பொதுமக்களுக்கான இதன் தொடர் உற்பத்தி தொடங்கிற்று. 2003இல் மெக்சிகோவில் உற்பத்தி நின்றபோது, மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. வெளித்தோற்றம் பெரிதும் மாறாதிருந்தமையால், எல்லாப் பீட்டிலுக்கும் ஒரே வளையம் போதும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் தவறாகும்.

முதலாவது, அளவு. 1952ஆம் ஆண்டின் அக்டோபர் வரை இவ்வண்டியின் சக்கரம் 16 அங்குலம். அதன்பின் 15 அங்குலம். இங்கு ‘15 அங்குலம்’ என்பது எதன் அளவு? டயரின் ஓரம் சக்கரத்தில் அமர்ந்திருக்கும் இடத்தின் விட்டமே அது. சக்கரத்தின் விளிம்பு அதற்கும் மேலே எழும்பி நிற்கிறது. ஆதலால், 15 அங்குலச் சக்கரத்தின் விளிம்பை அளவு நாடாவினால் குறுக்கே அளந்தால் 16 அங்குலத்துக்கும் சற்று அதிகமாகவே காட்டும். அதை நம்பி 16 அங்குல வளையத்தை வாங்கினால் அது பொருந்தாது. நாடாவைவிட டயரின் பக்கத்தில் பொறித்த எண்ணே நல்ல வழிகாட்டி. 5.60–15 என்றிருந்தால், முன்னது டயரின் அகலம். பின்னது நாம் வேண்டும் விட்டம்.

இரண்டாவது, வடிவம். விட்டம் ஒத்திருந்தும் வளையத்தின் ஆழமும் வளைவும் ஒவ்வாதிருக்கலாம். 1966ஆம் ஆண்டு மாதிரி முதல் சக்கரத் தட்டில் காற்றுத் துளைகள் அமைத்தனர். பிரேக்கில் எழும் வெப்பம் தணிய அவை துணைபுரிகின்றன. அகன்ற வளையம் இத்துளைகளை மறைத்தல் கூடாது. விளிம்பில் கவ்வியிருக்கும் ஈயத் துண்டுகள் சக்கரத்தின் சமநிலைக்காக வைக்கப்பட்டவை. வளையத்துக்கு இடம் வேண்டி அவற்றை அகற்றிவிடலாகாது. அட்டையை வெட்டிச் சக்கரத்தின் வளைவை அச்செடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வது எளிய உபாயம்.

மூன்றாவது, உலோகம். இரும்புத் தகட்டின்மீது நிக்கலும் அதன்மேல் குரோமியமும் பூசிய வளையங்கள் உண்டு. மேலே மின்னும் குரோமியப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பூச்சு பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்தால் துரு அடியிலிருந்தே பரவும். துருப்பிடிக்காத எஃகின் இயல்பு வேறு. குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் அவ்வுலோகத்திலேயே கலந்துள்ளது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடிக் கண்ணுக்குப் புலனாகாத காப்புப் படலமாகிறது; கீறல் விழுந்தாலும் அப்படலம் மீண்டும் தானே உருவாகும்.

காந்தம் ஒட்டினால் அது துருப்பிடிக்காத எஃகு அன்று என்று சிலர் கூறுவர். இச்சோதனை போதாது. அவ்வெஃகில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு. ஒட்டாத வகையும் உண்டு. வளையத்தைத் திருப்பி, பின்புறத்தையும் வெட்டிய ஓரத்தையும் உற்று நோக்குங்கள். பூச்சு வேலையின் குறை பெரும்பாலும் முதலில் தென்படும் இடம் அதுவே.

நான்காவது, பிடிமானம். வளையத்தின் பின்னேயுள்ள விற்கம்பிக் கவ்விகளே அதைச் சக்கரத்தில் நிறுத்துகின்றன. நடுவிலுள்ள போல்ட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கவ்விகள் தளர்ந்திருந்தால், ஓட்டத்தில் வளையம் சிறிது சிறிதாகச் சுழலும். அப்போது, காற்றடிக்கும் வால்வு வெளிவரும் பள்ளத்தின் கூரிய ஓரம் வால்வின் ரப்பர்த் தண்டை அறுக்கும். காற்று போகும் விபரீதம் இவ்வாறு நேர்வதே. எனவே முதலில் சக்கரத்தின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசி உலர்த்துக. வால்வைப் பள்ளத்தின் நடுவே நிறுத்துக. எதிரெதிர் இடங்களில் ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பொருத்துக. வளையத்தின் மீதும் டயரின் மீதும் ஒரே நேர்க்கோடாகச் சுண்ணக்கட்டியால் குறியிட்டுச் சில மைல் ஓட்டிப் பாருங்கள். இரு குறிகளும் விலகாதிருப்பின் பிடிமானம் நன்று. விலகியிருப்பின், விலை எவ்வளவாயினும் அவ்வளையம் அச்சக்கரத்துக்கு உரியதன்று.